வேடந்தாங்கல் நாரைக்கு டெலிகன்வர்ட்டரா, டெலி ஜூமா?

மறைமலை நகரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிப் படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். சீசன் தொடங்கியதும் கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் கேட்கும் கேள்வி: "கையில 70-300 இருக்கு. 2 மடங்கு டெலிகன்வர்ட்டர் போட்டா 600 ஆயிடுமே, எதுக்குத் தனியா பெரிய ஜூம்?"

நியாயமான கேள்விதான். விலையில் அவ்வளவு வித்தியாசம். ஆனால் பணத்தை எடுக்கும் முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாம் நிற்பது ஏரிக்கரையில். பறவைகள் இருப்பது தண்ணீரில் நிற்கும் மரங்களில். குஞ்சு பொரிக்கிற இடம், கிட்டே போகக் கூடாது. மஞ்சள் மூக்கு நாரை சுமார் ஒரு மீட்டர் உயரம். அது 60 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். 300 மி.மீ. லென்ஸில் சென்சார் மேல் அதன் பிம்பம் 5 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் ஏறக்குறைய 15 மி.மீ. ஆக, படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நாரை. 600 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. 600 வேண்டும், சரி. எப்படிப் போவது?

கன்வர்ட்டர் புதிதாக ஒளி எதையும் கொண்டுவராது. லென்ஸ் பிடித்த பிம்பத்தின் நடுப்பகுதியை இழுத்துப் பெரிதாக்கும், அவ்வளவுதான். 300 மி.மீ., எஃப்/5.6 லென்ஸில் ஒளி நுழையும் வாய் 300÷5.6, சுமார் 54 மி.மீ. கன்வர்ட்டர் போட்டாலும் அதே 54தான். அந்த ஒளி நாலு மடங்கு பரப்பில் பரவுவதால் எஃப்/11 ஆகிவிடும். 150-600 ஜூமில் 600-ல் எஃப்/6.3 கிடைக்கிறது. வாய் 95 மி.மீ. பரப்பளவில் மூன்று மடங்குக்கும் மேல்!

இதன் விலை எங்கே தெரியும்? எஃப்/5.6-ல் 1/1000 நொடிக்கு ஐஎஸ்ஓ 400 போதுமென்றால், கன்வர்ட்டரோடு 1600 வேண்டும். ஜூமுக்கு 500 போதும். எஃப்/11-ல் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஆட்டோஃபோகஸ் கைவிட்டுவிடும். லென்ஸின் குறைகளும் சேர்ந்தே பெரிதாகும். இதற்கு 300-ல் எடுத்த படத்தை கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்வதே மேல், அது இலவசம். தவிர, கேமரா கம்பெனிகளின் சொந்த கன்வர்ட்டர்கள் பல 70-300 லென்ஸ்களில் மாட்டவே மாட்டா.

அப்போ கன்வர்ட்டர் வீணா? இல்லை. கல்யாணப் படம் எடுப்பவரிடம் 70-200 எஃப்/2.8 இருக்கும். அதில் 1.4 போட்டால் 280 எஃப்/4, 2 போட்டால் 400 எஃப்/5.6. பையில் பெரிய சுமையும் இல்லை. கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் தூரமும் மாறாது என்பதால் பட்டாம்பூச்சி, தும்பி எடுக்க ரொம்ப வசதி.

ஜூமிலும் சிரமம் உண்டு. 150-600 லென்ஸ்கள் 2 கிலோ பக்கம் வரும். வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், கை வலி உண்மையைச் சொல்லிவிடும்.

ஆகவே, மி.மீ. எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், எஃப் எண்ணைப் பாருங்கள். 2.8 அல்லது 4 என்றால் கன்வர்ட்டர். 5.6 என்றால் காசு சேர்த்து ஜூம். அதுவரை 300-ஐ வைத்தே சாயங்காலம் கூட்டமாகக் கூடு திரும்பும் பறவைகளை எடுக்கலாம். அதற்கு 600 தேவையே இல்லை.