வீட்டுப் பட்டறைக்கு ஒரு றவுட்டர் மேசை

நமது கிராமங்களில் தச்சுத் தொழில் செய்வோர் பலர் வீட்டுப் பத்தியிலோ, முற்றத்து மாமரத்தின் கீழ் இறக்கிய கொட்டிலிலோதான் வேலை செய்கின்றனர். வாளும் உளியும் சீவுளியும் மட்டும் இருந்த அவ்விடத்துக்கு முதலில் மின் துளைகருவி வந்தது. பின்னர் மின் சீவுளி வந்தது. இப்போது றவுட்டரும் வந்து சேர்ந்துவிட்டது. யன்னல் சட்டத்தில் கண்ணாடி உட்காரும் படியை எடுக்க, அலுமாரித் தட்டுக்குத் தவாளிப்பு இழுக்க, கதவுப் பலகையின் ஓரத்தை வளைவாக்க இதைப் போல் உதவும் கருவி வேறில்லை.

ஆனால் அது பாவிக்கப்படும் விதந்தான் நமக்குக் கவலை தருகிறது. இரண்டு அங்குலச் சட்டத்தை நிலத்தில் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, குனிந்து நின்று றவுட்டரை ஓட்டுகிறார்கள். உளி வேலைக்குக் காலால் பிடிப்பது நமது ஆசாரிமாரின் பழைய பழக்கம். அதில் குறைகாண முடியாது. றவுட்டரின் கதை வேறு. இரண்டு அங்குல விட்டமுள்ள வெட்டலகு ஒன்று நிமிடத்துக்கு 22,000 தடவை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதிலிருந்து கால் பெருவிரல் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. விரல் போன தச்சனுக்குப் போனது விரல் மட்டுமல்ல, அந்த வீட்டின் உழைப்புமாகும்.

இதற்கு மாற்று, றவுட்டரைத் தலைகீழாக ஒரு மேசையின் அடியில் பூட்டுவதே. வெட்டலகு மாத்திரம் மேசைக்கு மேலே தெரியும். இயந்திரம் அசையாது நிற்க, மரத்தை நாம் இரு கைகளாலும் நகர்த்துகிறோம். கடைகளில் இதற்கெனச் செய்த மேசைகள் விற்பனைக்கு உண்டு. ஆயினும் தச்சன் ஒருவன் மேசை ஒன்றை விலை கொடுத்து வாங்குவது நமக்குச் சரியாகப் படவில்லை.

மேற்பலகைக்கு 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை போதும். 32 அங்குல நீளம், 24 அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்ட வேண்டும். எட்டுக்கு நாலு அடிப் பலகையில் மூன்றில் ஒரு பங்குதான் இதற்குச் செலவாகும். ஒட்டும்போது கீழே உள்ள தளம் மட்டமாயிருக்க வேண்டும். வளைந்த வாங்கின்மேல் வைத்து ஒட்டினால், அந்த வளைவு பலகையில் நிரந்தரமாகத் தங்கிவிடும். மேலே போமிக்கா ஒட்டினால் மரம் வழுக்கிக்கொண்டு போகும். அப்படி ஒட்டுபவர்கள் அடிப்பக்கத்திலும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடிய பலகை மாரியில் மறுபக்கத்தால் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும். காசு போதாவிட்டால் இரு பக்கமும் வார்னிஷ் பூசி, மேற்பக்கத்துக்கு மெழுகு தேய்த்தாலும் வேலை நடக்கும்.

கால்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆடாமலிருந்தால் சரி. பழைய மேசையின் கால்களையும் பாவிக்கலாம். நிலத்திலிருந்து 35 அங்குலம் அளவில் மேற்பலகை இருந்தால் முதுகு நோகாது. கால்களின் அடியில் ஒரு தட்டு அடித்து அதில் இரண்டு சீமெந்துக் கல்லை வைத்தால் மேசை அதிராது.

கவனம் வேண்டிய இடம் தாங்கு தகடு. 36 மில்லிமீற்றர் தடித்த பலகையில் றவுட்டரை நேராகப் பூட்டினால் வெட்டலகு மேலே எட்டாது. ஆகவே பலகையில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, அவ்விடத்தில் 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டைப் பதித்து, அதில் றவுட்டரைத் தொங்கவிட வேண்டும். மெல்லிய தகடு பாரத்தில் தொய்யும். பிளாஸ்திக் கண்ணாடித் தகடும் நாளடைவில் தொய்ந்துவிடும். றவுட்டரின் அடியிலுள்ள பிளாஸ்திக் மூடியைக் கழற்றித் தகட்டின்மேல் வைத்தால் துளைகளின் இடம் தானாகவே கிடைத்துவிடும். திருகாணித் தலைகள் தகட்டுக்குக் கீழே அமிழும்படி துளைவாயை அகட்டிவிட வேண்டும். தலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் போகும் மரத்தையெல்லாம் கீறும்.

தகட்டுக்கான குழியை றவுட்டரே வெட்டித் தரும். தகட்டை அதன் இடத்தில் வைத்து, நாற்புறமும் நேரான சட்டங்களை நெருக்கி அடித்துவிட்டுத் தகட்டை எடுத்துவிட வேண்டும். பின்பு, தலைப்பக்கம் உருளி பூட்டிய நேர் வெட்டலகைச் சட்டங்களை ஒட்டி ஓட்டினால் தகட்டின் அளவுக்கே பள்ளம் விழும். அதன் ஆழத்தைத் தகட்டின் தடிப்பைவிடச் சற்றுக் கூட்டி வெட்டலாம். மூலைகள் மட்டும் உருண்டையாக வரும். அதற்கேற்பத் தகட்டின் மூலைகளை அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். இனி ஓரத்தில் அரை அங்குலப் படியை விட்டு நடுப்பகுதியை அறுத்து எடுக்க வேண்டும். படியின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு சிறு திருகாணியை இறக்கி, அவற்றைக் கூட்டிக் குறைத்துத் தகட்டை மேற்பலகையோடு மட்டமாக்கலாம். நேர்ச்சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். விரல் நகம் தடக்கினால் மரமும் தடக்கும்.

அடுத்தது வழிகாட்டிச் சட்டம். மரம் சாய்ந்து போகும் சுவர் இதுவே. இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளை மூலைமட்டத்துக்கு நிமிர்த்திப் பூட்டி, பின்னால் முக்கோணக் கட்டைகள் கொடுத்து, நடுவில் வெட்டலகுக்கு வாய் விட வேண்டும். அரிவாள் மேசையில் சட்டம் வாளுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும் என்பது தச்சர்களுக்குத் தெரியும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வெட்டலகு வட்டமானதால், சட்டம் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் வெட்டு ஒன்றுதான். எனவே சட்டத்தின் ஒரு முனையை ஒற்றைப் போல்ட்டில் பூட்டிவிட்டு, மறுமுனையை மாத்திரம் கிளாம்பால் இறுக்கினால் போதும். வெட்டலகு நடுவில் இருப்பதால், மறுமுனையை ஒரு மில்லிமீற்றர் நகர்த்தினால் வெட்டில் அரை மில்லிமீற்றரே மாறும். விலை கூடிய மேசைகளில் நுண் திருகு வைத்துச் செய்யும் வேலை இதுதான்.

சட்டத்தின் பின்வாயில் இரண்டு அங்குல எஸ்லோன் குழாய் ஒன்றைப் பொருத்தித் தூசு உறிஞ்சியை இணைக்கலாம். அது இல்லாதவர்கள் முகக் கவசம் இன்றி வேலை செய்யக் கூடாது. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் அறிவித்தது. நமது முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொடுக்கும் என்பதை அதில் வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

செலவைக் குறைக்க விரும்புவோர் எங்கு குறைத்தாலும் சுவிச்சில் குறைக்க வேண்டாம். றவுட்டரின் சொந்தச் சுவிச் மேசைக்கு அடியில் போய்விடுகிறது. அதை 'ஓன்' நிலையில் விட்டுவிட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் போட்டு நிறுத்துவது பலரின் வழக்கம். நமது நாட்டில் இது ஆபத்தானது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. வேலை நடுவில் மின்சாரம் போனால் தச்சர் என்ன செய்வார்? வெட்டலகில் சிக்கிய மரத்தை எடுப்பார். தூளைக் கையால் தட்டுவார். அந்நேரம் மின்சாரம் திரும்பி வந்தால்? மின்சாரம் போனதும் தானே விழுந்து, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை ஓடாத சுவிச்சுகள் உள்ளன. அதில் ஒன்றை மேசையின் முன்காலில், முழங்காலால் தட்டி நிறுத்தக்கூடிய உயரத்தில் பூட்ட வேண்டும். இன்னொன்று: 1,600 வோற் றவுட்டர் ஏழு அம்பியர் மின்னோட்டம் எடுக்கும். ஆகவே 5 அம்பியர் பிளக்கில் அதைப் போடக் கூடாது.

வெட்டலகு வாங்கும்போது காம்பின் தடிப்பைப் பாருங்கள். 6 மில்லிமீற்றர்க் காம்பும் கால் அங்குலக் காம்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். கால் அங்குலக் கழுத்தில் 6 மில்லிமீற்றர்க் காம்பை இறுக்கினால் அது ஓட்டத்தில் கழன்று பறக்கலாம். பன்னிரண்டு அலகுள்ள மலிவுப் பெட்டியைவிட, கார்பைட் முனையுள்ள நல்ல அலகுகள் நாலு போதும்: நேர் வெட்டு, படிவெட்டு, ஓர வளைவு, உருளி பூட்டியது. அகலமான அலகுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு அங்குல அலகுக்கு 10,000 சுற்றே போதும்.

இனி ஓட்டும் முறை. மேசையில் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். றவுட்டர் தலைகீழாக நிற்பதால், மேலிருந்து பார்க்கும்போது அலகு இடஞ்சுழியாகச் சுற்றும். இடமிருந்து தள்ளினால் அலகு மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். மரத்தோடு கையும் போகும். வழிகாட்டிச் சட்டத்துக்கும் அலகுக்கும் இடையில் மரத்தைச் செருகி ஓட்டவே கூடாது. பாலை, முதிரை போன்ற வைர மரத்தில் ஒரு தடவைக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் வெட்டாமல், மூன்று நாலு தடவையாக எடுக்க வேண்டும். பலகையின் நாலு ஓரமும் வெட்டுவதாயின் முதலில் குறுக்கு ஓரங்களை வெட்டுங்கள். அங்கே மூலையில் சிலும்பு பெயர்ந்தாலும் பின்னர் நீள ஓரத்தை வெட்டும்போது அது போய்விடும். ஒடுக்கமான அலங்காரச் சட்டம் தேவையென்றால் அகலப் பலகையின் ஓரத்தில் அதை வெட்டிவிட்டுப் பின்பு வாளால் அறுத்து எடுக்கலாம். ஒரு அடிக்குக் குறைந்த துண்டைக் கையால் பிடித்துத் தள்ளாமல் தள்ளுகட்டை பாவிக்க வேண்டும்.

நாமறிந்த மூத்த தச்சர் ஒருவர் முதலில் இதை நம்பவில்லை. "தம்பி, சாமானைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டு என்ன வேலை செய்யப் போறாய்?" என்று மருமகனிடம் கேட்டார். எட்டு யன்னலுக்குப் படி எடுத்து முடிந்தபின், சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தானே வந்து, மரம் மேலே எழும்பாமல் அமத்திப் பிடிக்கும் சீப்புப் பலகை ஒன்றை மலைவேம்பில் அறுத்துக் கொடுத்தார். ஒரு முனையில் பல்லுப்பல்லாக வாள் வெட்டு விட்ட அந்தப் பலகையை வழிகாட்டிச் சட்டத்தில் கிளாம்பால் பூட்டினால், பற்கள் வளைந்து மரத்தை முன்னே போக விடும். திரும்பி வர விடாது.

ஒரு விடயம் மீதியிருக்கிறது. இந்த இயந்திரம் போடும் சத்தம் பெரிது. ஓட்டுபவர் காதுக் கவசம் போட வேண்டும். அயல் வீட்டாருக்கு அந்த வசதி இல்லை. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் ஓட்டுவதில்லை என்று சொல்லிவைப்பது நல்லது. சாதாரணதரப் பரீட்சை நடக்கும் நாட்களில் பசையிடும் வேலையையும் அரத்தாள் தேய்க்கும் வேலையையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.