பறிபோகாத மகிழ்ச்சி

மகிழ்ச்சியைத் தேடாத மனிதர் இல்லை. நல்ல சம்பளம், சொந்த வீடு, புதிய கார், பிள்ளைகளின் தேர்ச்சி என ஒவ்வொன்றும் கிடைக்கும்போது உள்ளம் பூரிக்கிறது. சில மாதங்களில் அதே வீடும் காரும் பழகிப் போய்விடுகின்றன. வேலை போனாலோ, உடல்நலம் கெட்டாலோ அந்தப் பூரிப்பும் கூடவே போய்விடுகிறது. சூழ்நிலை கொடுத்ததைச் சூழ்நிலையே திரும்ப எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால், பறிபோகாத மகிழ்ச்சி என்று ஒன்று உண்டா? உண்டு என்கிறது கிறிஸ்தவ விசுவாசம். அதற்கு அது காட்டும் சான்று, ஒரு கைதி எழுதிய கடிதம்.

சிறையில் பிறந்த நிருபம்

புதிய ஏற்பாட்டில் உள்ள பிலிப்பியர் நிருபம் நான்கே அதிகாரங்கள் கொண்டது. அதை எழுதியபோது அப்போஸ்தலர் பவுல் காவலில் இருந்தார். விடுதலையா மரணமா என்பது முடிவாகாத நேரம். ஆயினும், மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சு அக்கடிதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

பவுல் துக்கம் அறியாதவர் அல்லர். தம் உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து நோயுற்று மரணத்தின் விளிம்புவரை சென்று பிழைத்ததை அதே கடிதத்தில் சொல்கிறார். அவர் இறந்திருந்தால் தம் வேதனை பெருகியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. லாசருவின் மரணத்தில் இயேசுவும் கண்ணீர் விட்டார். ஆகவே, துயரத்தில் இருப்பவரைப் பார்த்து, “உமக்கு விசுவாசம் போதவில்லை” என்று சொல்வது பெரிய தவறு. அழும்போதும் ஆண்டவர் தம்மைக் கைவிடவில்லை என்ற உறுதியே கிறிஸ்தவர் கூறும் மகிழ்ச்சி. சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்த கிறிஸ்துவே அந்த உறுதிக்கு அடிப்படை.

இந்த மனநிறைவு பிறவியிலேயே வந்ததாகப் பவுல் கூறவில்லை. வறுமையிலும் வளத்திலும் அதைக் கற்றுக்கொண்டதாகவே எழுதுகிறார். கவலைகளை ஜெபத்தில் இறைவனிடம் ஒப்படைப்பது, ஜெபத்தோடு நன்றியும் சொல்வது, நல்லவற்றையே சிந்திப்பது, பிறர் நலனையும் நோக்குவது ஆகியவை அவர் காட்டும் பயிற்சிகள்.

சாங்கியில் ஐந்து ஓவியங்கள்

இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. சாங்கியில் அடைக்கப்பட்ட போர்க்கைதிகளுள் பிரிட்டிஷ் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஸ்டான்லி வாரனும் ஒருவர். கடுமையான வயிற்றுக்கடுப்பாலும் சிறுநீரகக் கோளாறாலும் கைதிகளின் மருத்துவமனையில் கிடந்தார். அங்கிருந்த சிற்றாலயத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள்.

நிற்கவே வலுவில்லாத நிலை. முறையான வண்ணங்களும் இல்லை. ராணுவச் சாயம், பில்லியர்ட்ஸ் விளையாட்டில் பயன்படும் நீலச் சுண்ணக்கட்டி என்று சக கைதிகள் தேடிக் கொண்டுவந்தவற்றைக் கொண்டு, சிறிது சிறிதாக வரைந்தார். முதல் ஓவியம் கிறிஸ்துவின் பிறப்பு. 1942ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் அது நிறைவடைந்தது. மறு ஆண்டுக்குள் மொத்தம் ஐந்து ஓவியங்கள் உருவாயின. அடைத்து வைத்தவர்களுக்கும் உரிய சமாதானத்தையே அவர் அவற்றின் கருத்தாகக் கொண்டார்.

பின்னர் பூச்சுக்குள் மறைந்துபோன அவை, 1958இல் மீண்டும் வெளிப்பட்டன. துன்பப்பட்ட இடத்துக்குத் திரும்புவது வாரனுக்கு எளிதாக இருக்கவில்லை. எனினும் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்து, தம் கையாலேயே அவற்றைச் செப்பனிட்டார்.

வாரன் வரைந்தபோது சிறைக்கதவு திறக்கவில்லை, நோயும் மறைந்துவிடவில்லை. ஆனாலும் பிறருக்குக் கொடுக்க அவரிடம் ஒன்று இருந்தது. நிலைத்த மகிழ்ச்சியின் அடையாளம் அதுவே. கவலை நெருக்கும் நாளில் ஒரு ஜெபம், ஒரு நன்றி, துன்பப்படும் இன்னொருவருக்கு ஓர் உதவி. பவுல் சொன்ன பாடத்தை இவற்றிலிருந்து கற்கத் தொடங்கலாம்.