இனிய இசையும் காதைக் கெடுக்கும்!

கேட்பவருக்கு அது தேனிசை. வாசிப்பவரின் காதுக்கு?

நூறு பேர் வரை ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராக்களில் பல காலமாகவே இந்தக் கவலை உண்டு. 'காது போய்விட்டது' என்று சொன்னால் வேலையும் போய்விடுமே என்ற பயத்தில் பலர் வெளியே சொல்வதில்லை. லண்டன் வழக்கு ஒன்று அந்த மௌனத்தை உடைத்தது.

2012 செப்டம்பர் 1. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வாக்னரின் 'டி வால்க்யூர' இசை நாடகத்துக்கு ஒத்திகை. மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில்தான் வாத்தியக் குழு அமரும். நெருக்கமான அந்த இடத்தில், டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை வாத்தியங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் வயோலா கலைஞர் ஒருவர். ஒலி சில தருணங்களில் 130 டெசிபலைத் தாண்டியது. ஜெட் விமானம் கிளம்பும்போது பக்கத்தில் நிற்பதைப் போன்ற சத்தம் அது!

அதன்பிறகு அவருக்குக் காதில் ஓயாத இரைச்சல், தலைச்சுற்றல். சமையலறையில் வேலை செய்யக்கூட காதை மூடிக்கொள்ள வேண்டிய நிலை. வயோலாவையே கைவிட நேர்ந்தது.

'எங்கள் தொழிலில் சத்தம் என்பது கழிவல்ல, அதுதான் நாங்கள் தரும் கலையே' என்று வாதாடியது நிர்வாகம். நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழிற்சாலைக்கு என்ன பாதுகாப்பு விதியோ, இசைக்கூடத்துக்கும் அதேதான் என்று 2018-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2019-ல் மேல்முறையீட்டிலும் அவரே வென்றார்.

காதுக்குள் நடப்பது என்ன?

உள்காதில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய மயிரிழைச் செல்கள் உள்ளன. ஒலியை மூளைக்குச் சொல்பவை இவைதான். அளவுக்கு மீறிய ஒலியில் இவை சோர்ந்து, ஒரு கட்டத்தில் மடிந்துவிடும். மனிதர்களுக்கு இவை மறுபடி முளைப்பதில்லை. வருவது இரும்புப் பட்டறைச் சத்தமா, இன்னிசையா என்று அவற்றுக்குத் தெரியாது. அளவும் நேரமும்தான் கணக்கு.

85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம். 94-க்கு 1 மணி நேரம்தான். கச்சேரியோடு ஒத்திகை, வீட்டுப் பயிற்சி என எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

வயலின் கலைஞர்களுக்கு இடது காதில் பாதிப்பு அதிகம் தெரிவதுண்டு. வாத்தியம் அந்தக் காதுக்கு அடியிலேயே இருக்கிறதே! இசைக் கலைஞர்களுக்கு ஒலியால் காது கெடும் அபாயம் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்கிறது 2014-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு.

வழி இருக்கிறது

சாதாரண பஞ்சு அடைப்பான் கூர்மையான ஒலிகளை மட்டும் அதிகமாக விழுங்கி, இசையை மங்கலாக்கிவிடும். எல்லா சுருதியையும் ஒரே சீராகக் குறைக்கும் இசைக் கலைஞர்களுக்கான இயர் பிளக் இப்போது கிடைக்கிறது. பித்தளை வாத்தியக்காரர்களை உயரமான படிகளில் உட்கார வைப்பது, இருக்கைகளை விலக்கிப் போடுவது, ஒத்திகையில் அடக்கி வாசிப்பது, வருடாவருடம் காதைப் பரிசோதிப்பது ஆகியவையும் உதவும்.

இது மேடைக்காரர்களுக்கு மட்டுமான பாடம் அல்ல. கச்சேரி முடிந்தோ, இயர்போனைக் கழற்றிய பிறகோ காதில் 'ங்ங்...' என்று ரீங்காரம் கேட்டால், அது காது கொடுக்கும் எச்சரிக்கை. அன்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். அடிக்கடி கேட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்!