கோணல் தையல்

என் தாயார் காலமான மறு வருஷம், அவர் உடுத்திய நூல் புடவைகளில் ஆறு என் பங்குக்கு வந்தன. உடுத்தலாமென்றால் நைந்து போனவை. பெட்டியில் பூட்டி வைக்கலாமென்றால் பூச்சிக்கு இரையாகிவிடும். ஆகவே அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, ஒரு போர்வை தைத்து வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் போதிப்பவள். அளவு நாடா, அடிக்கோல், கூர்மையான பென்ஸில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சதுரமாவது, இணைப்பாவது, இதிலென்ன பிரமாதம் என்பது என் எண்ணம். முதல் வரிசையைத் தைத்து அடுத்த வரிசையோடு சேர்த்துப் பார்த்தேன். மூலைகள் பொருந்தவில்லை. பிரித்தேன், மறுபடி தைத்தேன். இம்முறை ஒரு நெல்லளவு விலகல். மறுபடியும் பிரித்தேன். நான்காவது தடவை பிரிக்கும்போது துணி தாங்கவில்லை. ஊசித் துளைகளின் வழியாகவே நீளக் கிழிந்து போயிற்று. கிழிந்தது எது தெரியுமா? அம்மா விசேஷ நாட்களில் உடுத்திய அரக்கு நிறச் சுங்கடிப் புடவையின் துண்டு.

ஞாபகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவள் அதை என் கையாலேயே கிழித்துவிட்டேன். துண்டுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி அலமாரியில் வைத்தேன். இரண்டு வருஷ காலம் அது அங்கேயே கிடந்தது. அந்த இரண்டு வருஷத்தில், இந்தக் கலையில் கை தேர்ந்த பெண்கள் பிழை வந்தால் என்ன செய்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை நேயர்களுக்கும் சொல்லலாமென்றுதான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கர்கள் ‘க்வில்ட்’ என்று சொல்லும் ஒட்டுப் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலே, துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த முகப்பு. நடுவில் பஞ்சுப் படலம். அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, போர்வை முழுவதும் நெருங்கிய வரிகளாகத் தையல் ஓட்டுவார்கள். இந்தத் தையல் வெறும் அலங்காரமன்று. இது இல்லாவிட்டால், நாலு தடவை துவைப்பதற்குள் பஞ்சு நகர்ந்து மூலைக்கு மூலை கட்டியாகத் திரண்டுவிடும். நம் தேசத்திலும் வங்காளத்து ஸ்திரீகள், பஞ்சு இல்லாமல், பழைய புடவைகளையே அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலால் தைத்து, ‘காந்தா’ என்ற அழகிய விரிப்புகளைச் செய்து வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாட்டிமார் பச்சைக் குழந்தைக்குப் பழம்புடவையை மடித்துத் தைத்துப் போடுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

அமெரிக்க முறையில், இரண்டு துண்டுகளை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைப்பது வழக்கம். இங்கேதான் என் கணிதம் என்னைக் கைவிட்டது. தையல் அந்தக் கால் அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே தள்ளிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிழை. ஆனால் ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு துண்டுகள் சம்பந்தப்பட்டிருப்பதால், நஷ்டம் இரட்டித்து எட்டில் ஒரு பங்கு ஆகிறது. ஒன்பது துண்டுகள் கொண்ட வரிசையில் எட்டு இணைப்புகள். ஆக, வரிசை முடியும்போது முழுதாக ஓர் அங்குலம் குறைந்து போகிறது! இது போதாதென்று, துணியைச் சாய்வாக வெட்டினால் அது கையோடு இழுபட்டு நீளும். பழந்துணியோ ஒரே புடவையிலேயே ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். மனிதர் கையால் தைக்கும் எந்தப் போர்வையும் பிழையின்றி முடியாது என்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

பிழையைப் பற்றி அமெரிக்காவில் ஒரு கதை வெகு பிரசித்தம். பென்ஸில்வேனியா, ஒஹையோ முதலிய ராஜ்யங்களில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவ வகுப்பார் இருக்கிறார்கள். எளிய உடை, குதிரை வண்டி, விவசாயம் என்று வாழ்பவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒட்டுப் போர்வை தைப்பதில் மகா நிபுணர்கள். குற்றமற்றவர் கடவுள் ஒருவரே ஆகையால், அப்பெண்கள் ஒவ்வொரு போர்வையிலும் வேண்டுமென்றே ஒரு துண்டை மாற்றித் தைத்து விடுவார்கள் என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று, போர்வைகளின் சரித்திரத்தை ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள்.

ஆதாரம் இல்லாமற் போனதில் எனக்குத் திருப்தியே. ஏனெனில், யோசித்துப் பார்த்தால் அந்தக் கதையில் அடக்கம் இல்லை. ‘நானாக ஒரு பிழையை வைக்காவிட்டால் என் வேலை பூரணமாகவே இருந்திருக்கும்’ என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? வேண்டுமென்று வைக்கும் பிழையைப் பொறுத்துக்கொள்வது எளிது. நம்மைக் கேளாமல், நாம் அயர்ந்த நேரத்தில் வந்து உட்காரும் பிழையைத்தான் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இதற்கு மாறாக, ஆதாரமுள்ள ஒரு வரலாறு இருக்கிறது. அலபாமா ராஜ்யத்தில், அலபாமா நதி மூன்று புறமும் வளைத்து ஓடும் இடத்தில், ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் உள்ளது. முன்னாளில் அது ஒரு பருத்தித் தோட்டம். அங்கே அடிமைகளாக உழைத்த நீக்ரோ மக்களின் — இன்று கறுப்பின மக்கள் என்பதே மரியாதை — சந்ததியார்தான் அவ்வூர்க் குடிகள். தோட்டத்துச் சொந்தக்காரரின் பெயராகிய ‘பெட்வே’ என்பதே இன்றும் அவர்களிற் பலருக்குக் குடும்பப் பெயராக இருக்கிறது. 1932ஆம் வருஷம், கடன் கொடுத்திருந்த ஒரு வியாபாரி இறந்து போக, அவன் குடும்பத்தார் அந்த ஏழைகளின் ஏர், மாடு, தானியம் எல்லாவற்றையும் கடனுக்காக வாரிக்கொண்டு போனார்கள். காற்றுப் புகும் மரக் குடிசைகளில் குளிர்காலத்தைக் கழிக்க அவர்களிடம் மிஞ்சியவை கந்தல்கள்தாம். வேலைக்கு உடுத்திக் கிழிந்த கால்சட்டைகள், மாவு மூட்டையின் சாக்கு, பழைய சட்டைகள் இவற்றைக் கொண்டே பெண்கள் போர்வை தைத்தார்கள்.

அந்தப் போர்வைகளின் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடுகள் வளைகின்றன. சதுரத்துக்கு நான்கு பக்கமும் நான்கு அளவு. ஒரு பட்டை நீளம் போதாவிட்டால் அங்கே வேறு நிறத் துண்டு ஒன்று சேர்ந்து கொள்கிறது. கால்சட்டையில் பை இருந்த இடம் வெயில் படாமல் கருநீலமாகவும், சுற்றிலும் வெளிறியும் இருக்க, அதை அப்படியே வைத்துத் தைத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரியாமற் செய்தது என்று எண்ணிவிடக் கூடாது. அச்சுப் பிசகாத மாதிரிகளையும் தைக்கத் தெரிந்தவர்களே அவர்கள். ஆனால் தமக்கென்று தைக்கும்போது ‘என் வழி’ என்று பெயரிட்டுத் தம் போக்கில் தைத்தார்கள். துணி குறைந்தால் அது அவர்களுக்குத் தோல்வியன்று. அடுத்தபடி என்ன செய்யலாமென்று யோசிக்கும் இடம்.

அவ்வூரில் மிஸூரி பெட்வே என்பவரின் கணவர் இறந்து போனார். அவருடைய வேலைத் துணிகளையே எடுத்து, தம் மகளின் உதவியோடு அந்த அம்மையார் 1942இல் ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைத்துக்கொள்ளவும், அன்போடு அதன் கீழே படுத்துக்கொள்ளவும் அதைத் தைத்ததாக மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் போர்வையின் துண்டுகள் ஒரே அளவில் இல்லை. நிறமும் மங்கல்தான். ஆயினும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அலமாரியில் கிடந்த மூட்டை நினைவுக்கு வந்தது. அந்த அம்மையார் மூலைகள் பொருந்தவில்லை என்று நான்கு தடவை பிரித்திருந்தால், கணவரின் சட்டையும் கிழிந்திருக்கும், போர்வையும் உண்டாகியிராது.

இந்த ஊரின் கதை இதோடு முடியவில்லை. குடியுரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1966இல், அச்சுற்று வட்டாரப் பெண்கள் ‘ஃப்ரீடம் க்வில்டிங் பீ’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். பெரிய நகரத்துக் கடைகளுக்குப் போர்வைகள் தைத்து அனுப்பினார்கள். கடைக்காரருக்கு ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். அங்குலம் பிசகக் கூடாது. அப்படியே தைத்தும் கொடுத்தார்கள். 1972இல் ஸியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலை வந்தது. வேலை மேஜையில் உறைகள் கச்சிதமாக அமைந்தன. மிஞ்சிய வெட்டுத் துண்டுகள் வீட்டுக்குப் போய், யாருடைய அளவுக்கும் கட்டுப்படாத போர்வைகளாயின. திட்டம் வேண்டிய இடத்தில் திட்டம், வேண்டாத இடத்தில் சுதந்திரம் என்ற விவேகம் ஒரே கையில் இருந்தது.

2002இல் அந்த வீட்டுப் போர்வைகளை முதலில் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்திலும், பிறகு நியூயார்க்கில் விட்னி கலைக்கூடத்திலும் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். பெரிய சித்திரக்காரர்களின் படங்களுக்கு ஒப்பானவை என்று விமரிசகர்கள் கொண்டாடினார்கள். 2006இல் அமெரிக்கத் தபால் இலாகா அவற்றில் பத்தைத் தபால் தலைகளாக வெளியிட்டது. ஆனால் அந்தப் போர்வைகள் தைக்கப்பட்டது சுவருக்காகவும் அன்று, தபால் தலைக்காகவும் அன்று. குழந்தைகள் குளிரில் நடுங்காமலிருப்பதற்காக.

அப்படியானால் எந்தப் பிழையையும் கண்டும் காணாமல் விட்டுவிடலாமா? கூடாது. படித்ததையும் பட்டதையும் சேர்த்து, நான் எனக்கென்று மூன்று கேள்விகள் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது: இந்தப் பிழையால் போர்வை பலவீனப்படுமா? தையல் ஓரத்துக்கு மிக நெருங்கிப் போயிருந்தால் துணி பிரிந்து வரும். முடிச்சு தளர்ந்திருந்தால் நூல் உருவிக்கொள்ளும். பஞ்சைப் பிடிக்கும் வரிகள் தூரந்தூரமாக இருந்தால் பஞ்சு திரளும். இவற்றைக் கட்டாயம் பிரித்துத் திருத்த வேண்டும்.

இரண்டாவது: இந்தப் பிழை அடுத்த வரிசைக்கும் போகுமா? மேலே சொன்ன பதினாறில் ஒரு பங்கு இந்த ஜாதி. முதல் இரண்டு துண்டுகளிலேயே அளந்து பார்த்துச் சரி செய்துவிட வேண்டும். இயந்திரத் தையலைப் பிரிக்கும்போது, நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கலாகாது. மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக ஒருபுறம் அறுத்துவிட்டு, மறுபுறத்து நூலை உருவினால் துணிக்குச் சேதமில்லை. இதை முன்பே அறிந்திருந்தால் என் சுங்கடி பிழைத்திருக்கும்.

மூன்றாவது: இரண்டும் இல்லையென்றால், இது என் கண்ணை மட்டுந்தானே உறுத்துகிறது? அப்படியானால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பேன். ‘குதிரையில் பாய்ந்து செல்பவன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் போதும்’ என்று அமெரிக்கத் தையற்காரப் பெண்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தவிர, முதல் தடவை துவைத்து உலர்த்தியதும் துணியும் பஞ்சும் சற்றுச் சுருங்கிப் போர்வை முழுவதும் மெல்லிய சுருக்கங்கள் விழும். சின்னக் கோணல்கள் பல அவற்றில் மறைந்து போகும்.

சென்ற கோடை விடுமுறையில் மூட்டையை அவிழ்த்தேன். கிழிந்த சுங்கடியின் பின்னால் என்னுடைய பள்ளிக்கூடப் புடவை ஒன்றின் துண்டை வைத்துத் தைத்தேன். வரிசை ஓர் அங்குலம் குறைந்த இடத்தில் அதே துணியில் ஒரு பட்டை சேர்த்தேன். ஆறாவது வரிசை இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை. இப்போது மழைக்கால இரவுகளில் அந்தப் போர்வையைத்தான் போர்த்திக்கொள்கிறேன். அந்தக் கோணல் வரி எங்கே இருக்கிறதென்று இருட்டில் கை தடவினால் தெரியும். அதற்குப் பக்கத்திலேதான் சுங்கடியும் இருக்கிறது.

வகுப்பில் சில மாணவிகள் ஓர் அடித்தல் வந்துவிட்டால் நோட்டுப் புத்தகத்தின் தாளையே கிழித்துவிட்டு, முதலிலிருந்து எழுதுவார்கள். முன்பெல்லாம் அதை நான் சுத்தம் என்று மெச்சியிருக்கிறேன். நடுவே தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால், அதன் ஜோடித் தாளும், ஒரு பிழையுமின்றி எழுதிய தாளும்கூட, பிடிப்பற்றுக் கழன்று விழும். இப்போது அவர்களிடம், ‘கிழிக்காதே, அம்மா, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுது’ என்று சொல்லுகிறேன்.