டெலிவரி: கைமாறும் கப்பல்கள் குறித்துச் சில குறிப்புகள்

2023 நவம்பர் 27 அன்று பின்லாந்தின் துர்க்கு நகரக் கப்பல் தளத்திலிருந்து ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் ராயல் கரீபியன் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. நீளம் 365 மீட்டர். இருபது தளங்கள். முழுக்க நிரம்பினால் 7,600 பயணிகள், அவர்களுக்கு ஊழியம் பார்க்க 2,350 பேர். 2,48,663 டன் என்று ஒரு கணக்கும் சொல்லப்படுகிறது. நம் பத்திரிகைகள் இதைக் கப்பலின் எடையென்றே எழுதிவிடுவது வழக்கம். எடையல்ல அது. கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் மொத்த இடத்தின் கொள்ளளவிலிருந்து பெறப்படும் எண். இடத்தை விற்பவனுக்கு இடந்தானே கணக்கு! எடைக்கணக்கு பிற்பாடு வரும், அதற்குக் கடைசியில் வருவோம்.

இம்மாதிரிச் செய்திகளில் நீச்சல்குளம் எத்தனை, சறுக்கு எத்தனை என்பதெல்லாம் விரிவாக வருகிறது. ‘ஒப்படைக்கப்பட்டது’ என்ற வினை மட்டும் யாராலும் வாசிக்கப்படாமல் கிடக்கிறது. யார் எதை யாரிடம் ஒப்படைத்தார்கள்? செயப்பாட்டு வினை எப்போதும் எழுவாயை விழுங்கிக்கொள்கிறது என்பது தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை.

கோவைப் பக்கம் ‘டெலிவரி’ என்ற சொல் இரண்டு இடங்களில் அன்றாடம் புழங்குகிறது. ஒன்று பிரசவ ஆஸ்பத்திரி. மற்றொன்று பட்டறை. கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்தால், ‘டி.சி. போட்டாச்சுங், சரக்கு டெலிவரி ஆயிருச்சுங், பணந்தான் இன்னும் வரக்காணோமுங்’ என்ற புலம்பலைக் கேட்காமல் திரும்ப முடியாது. சிறு தொழிற்கூடத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். சரக்கு கைமாறும் கணமும் பணம் கைமாறும் கணமும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையிலான காலத்தை யார் சுமக்கிறார்கள் என்பதில்தான் அதிகாரம் யாரிடம் என்பது தெரிகிறது. பெருங்கப்பலின் ஒப்படைப்பையும் இந்தப் பட்டறைக் கண்கொண்டே வாசிக்கலாம்.

ஒரு கப்பலுக்குப் பல பிறந்தநாட்கள். முதல் இரும்புத் தகட்டை அறுக்கும் நாள் ஒன்று. அடிப்பாகம் தளத்தில் இறக்கப்படும் நாள் இன்னொன்று (அதனடியில் நாணயம் வைப்பது ஐரோப்பியச் சடங்கு. நாம் நிலைவாசலுக்கு அடியில் வைப்பதில்லையா?). பிறகு உலர்துறைக்குள் நீரைப் பாய்ச்சி மிதக்கவிடுவது, கடலில் ஓட்டிப் பார்ப்பது, ஒரு பிரபலத்தைக் கொண்டு பெயர்சூட்டுவது. சட்டத்தின் பார்வையில் இவையெல்லாம் உபரி. ஒப்படைப்புப் பத்திரத்தில் தேதியோடு மணியும் குறித்து இருதரப்பும் கையெழுத்திடும் அந்தக் கணத்தில்தான் கப்பல் இன்னாருடையதாகிறது. அதுவரை தீப்பிடித்தால் நஷ்டம் கட்டியவனுக்கு. அதற்குப் பிறகு வாங்கியவனுக்கு. கொடிமரத்தில் ஒரு கொடி இறங்கி இன்னொன்று ஏறுகிறது. ஏறிய கொடி அமெரிக்கக் கொடியுமல்ல, பின்லாந்துக் கொடியுமல்ல. பஹாமாஸ் கொடி! கம்பெனியின் தலைமையகம் மயாமியில், சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டிருப்பது லைபீரியாவில், கப்பல் பஹாமாஸில். தேசம் என்பது கற்பிதம் என்று நாம் முப்பது வருடமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். மூலதனம் அதைக் கட்டுரை எழுதாமலேயே நடத்திக்காட்டிவிட்டது.

விலையின் பெரும்பங்கு, வழக்கமாக எண்பது சதவீதம், ஒப்படைப்பு நாளில்தான் தரப்படும். அதுவரை இரும்பு, எந்திரம், கூலி எல்லாவற்றுக்கும் தளமே கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டும். துர்க்கு தளத்தை வாங்கி நடத்திவந்த மெயர் குடும்பத்தின் மூலத் தளம் ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் இருக்கிறது, 1795-இல் தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக்கு முன்பு பேசிய விலை, பிறகு ஏறிய இரும்பு விலை, கடைசி நாளில் வரும் எண்பது சதவீதம் — இவை மூன்றும் சேர்ந்து அதை மூச்சுத்திணற வைத்தன. 2024 செப்டம்பரில் ஜெர்மன் மைய அரசும் லோயர் சாக்சனி மாநில அரசும் 40 கோடி யூரோ போட்டு ஏறத்தாழ எண்பது சதவீதப் பங்குகளை எடுத்துக்கொண்டன. சந்தையைச் சந்தையிடமே விட்டுவிடுங்கள் என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்களின் தேசத்தில் நடந்தது இது. ஆர்டர் புத்தகம் நிரம்பி வழிந்த நேரத்தில்தான் நடந்தது. கையில் வேலை உண்டு, பையில் காசில்லை. கணபதிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாப்பன்பர்க்கில் இன்னொரு விசேஷம். அது கடற்கரை நகரமல்ல, கடலிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் உள்ளே, எம்ஸ் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. கட்டி முடித்த ராட்சதக் கப்பலை இழுவைப் படகுகளின் துணையோடு, பின்பக்கம் முன்னாக, அங்குலம் அங்குலமாக ஆற்றில் கொண்டுபோகிறார்கள். ஆழம் போதாது. எனவே கான்டர்சும் என்னுமிடத்தில் 2002-இல் கட்டி முடித்த தடுப்பணையை மூடி நீரைத் தேக்கி உயர்த்துகிறார்கள். திருவிழாவுக்குத் தேர் வருவதுபோல ஜனங்கள் கரைமேட்டில் கூடி நின்று பார்க்கிறார்கள். கப்பலுக்காகத் திரும்பத் திரும்ப ஆழப்படுத்தப்பட்ட அந்த ஆறு சேறு மண்டி, கோடையில் மீன் பிழைக்கப் பிராணவாயு இல்லாத நீராகிக் கிடப்பதைச் சூழலியலாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். தொழிலுக்காக ஆற்றை விலையாகக் கொடுப்பதென்றால் என்னவென்று நொய்யல் கரைக்காரர்களிடம் கேளுங்கள். ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி நின்றதைப் பார்த்தவர்கள் நாம்.

2013 ஜூலையில் பாப்பன்பர்க்கில் ஒரு வீடு எரிந்து இரண்டு ருமேனியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தளத்தின் நேரடி ஊழியர்களல்லர். உள் ஒப்பந்தக் கம்பெனி கொண்டுவந்து குடிவைத்திருந்தவர்கள். அதற்குப் பிறகுதான், அந்த மாபெரும் வெள்ளைக் கப்பல்களை உண்மையில் பற்றவைத்தவர்கள் யார், எந்த அறையில் எத்தனை பேராகத் தூங்கினார்கள் என்ற பேச்சே பொதுவெளிக்கு வந்தது. நூற்பாலை விடுதிகளில் ‘கேம்ப் கூலி’யாக அடைத்து வைக்கப்பட்ட நம் பெண்பிள்ளைகளைப் பற்றி, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற அந்த மங்கலப் பெயரைப் பற்றி, இங்கே பேச்சு எழுந்ததும் பிணங்கள் விழுந்த பிறகுதான். தங்குமிடமும் வேலையிடமும் ஒரே கைக்குள் வரும்போது தூக்கமும் உற்பத்தியின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

‘கடலே இல்லாத கொங்குக்காரனுக்குக் கப்பல் எதுக்குங்?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். கடல்தான் இல்லை, கப்பல் எப்போதும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்குப் போன பாதையில்தான் கொடுமணல் இருந்தது. கோவை வட்டாரத்து மண்ணில் ரோமானியக் காசுகள் குடம் குடமாய்க் கிடைத்ததும் அதனால்தான். இன்றைக்கும் திருப்பூரில் பனியன் விலையை ‘எஃப்.ஓ.பி.’ என்றுதான் பேசுகிறார்கள். துறைமுகத்தில் சரக்கு கப்பலேறும்வரை அதன் ஆபத்தெல்லாம் விற்பவனுடையது என்பது அதன் பொருள். 2020-இல் ஐரோப்பியக் கடைகள் ஆர்டர்களை ரத்துசெய்தபோது கப்பலேறாத துணி யார் தலையில் விழுந்தது? ஏற்றுமதியாளர் தலையில் விழுந்தது. அவர் ஜாப் ஒர்க் யூனிட் தலையில் இறக்கினார். யூனிட்காரர் பீஸ்ரேட் தொழிலாளியின் தலையில். ஆக, சரக்கு மேலே போகிறது, ஆபத்து கீழே வருகிறது.

கொங்குக்கும் கப்பலுக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. அது செக்கு.

1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கதை பாடப்புத்தகத்தில் தேசபக்திப் பெருங்கதையாடலாகச் சுருங்கிவிட்டது. ஒப்படைப்பு என்ற கோணத்தில் அதை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கொன்று 25 ரூபாய், 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். ஆரம்பத்தில் சொந்தக் கப்பலில்லை, வாடகைக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் நெருக்கடியால் வாடகைக் கப்பல் பறிபோயிற்று. ஓட்டுவது யாராயிருந்தாலும் கப்பல் எவனுடையதோ அவன் சொல்வதே சட்டம் என்பதை வ.உ.சி. அங்கேதான் உணர்ந்திருக்க வேண்டும். பம்பாய்க்குப் போனார், கப்பலோடு வருவேன் இல்லையேல் கடலில் விழுவேன் என்று சொல்லிப் போனதாகச் சொல்வார்கள். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன.

இரண்டும் இங்கே கட்டியவையல்ல, ஐரோப்பாவிலிருந்து வாங்கியவை. சுதேசி மூலதனத்திடம் கப்பல் இருந்தது, கப்பல் தளம் இல்லை. (அது 1941-இல் விசாகப்பட்டினத்தில் வால்சந்த் ஹீராசந்தின் சிந்தியா கம்பெனியால் தொடங்கப்பட்டு, 1948 மார்ச் 14-இல் நேரு ‘ஜல உஷா’வை நீரில் இறக்கிய பிறகுதான் ஓரளவு சாத்தியமாயிற்று.) கப்பல்கள் வந்த மகிழ்ச்சியை, நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த ஒருத்தி ஒரே சமயத்தில் இரண்டு ஆண்பிள்ளைகள் பெற்ற ஆனந்தமாகப் பாரதியின் ‘இந்தியா’ உவமித்தது. வாங்கி வந்த கப்பல் பெற்ற பிள்ளையாகிவிடுகிறது! டெலிவரி என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களும் அங்கே ஒன்றாக விழுந்துவிட்டன. இந்த உவமையின் பெண்ணுடல் அரசியல் தனியாகப் பேசப்பட வேண்டியது. எனக்கு இங்கே முக்கியம், எந்தத் தளத்தில் எந்தத் தொழிலாளி கட்டினான் என்ற கேள்வியைப் பிரசவ உவமை எவ்வளவு லேசாக அழித்துவிடுகிறது என்பது.

கப்பலுக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், நாலாயிரம் மூட்டைச் சரக்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். சுதேசிக் கப்பலிலும் மேல்தளம் மேல்தளந்தான், கீழ்த்தளம் கீழ்த்தளந்தான். இதைச் சொல்வதால் வ.உ.சி.யைக் குறைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். கப்பல் கம்பெனியை உருவாக்கிய அதே ஆள்தான் 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களோடு நின்றார். கூலி உயர்வும் வாராந்திர விடுமுறையும் கேட்ட போராட்டம் அது, வென்றது. மூலதனம் திரட்டியவர் உழைப்பின் பக்கம் போய் நின்ற அபூர்வமான கணம். அரசு பயந்தது கப்பலுக்கு மட்டுமல்ல, இந்தச் சேர்க்கைக்கும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்ச் 12-இல் கைது. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், பிறகு மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஜூலையிலேயே கோவை மத்திய சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். 1910 டிசம்பர் வரை இங்கே. இங்கேதான் செக்கிழுத்தார்.

கப்பல் ஓட்டியவரைச் செக்கிழுக்க வைத்தது தற்செயலா? செக்கு கிளம்பிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. கடலுக்கு நேர் எதிரான இயக்கம். தண்டனையும் ஒரு பிரதிதான், எழுதியவர்கள் அர்த்தத்தோடுதான் எழுதினார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ‘காலியா’ எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அதனிடமே போய்ச் சேர்ந்தது என்பார்கள். அதுவும் ஒரு டெலிவரிதான். அதே கோவைச் சிறையில் 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர்கள் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். இங்கே வ.உ.சி. பெயரில் பூங்கா இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும். நால்வர் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

மிஷேல் ஃபூக்கோ 1967-இல் ஆற்றிய உரையொன்றில், ‘வேற்றிடம்’ என்ற கருத்தாக்கத்தின் தலைசிறந்த உதாரணமாகக் கப்பலைச் சொல்கிறார். தனக்கென இடமில்லாத மிதக்கும் இடம், கற்பனையின் பெருங்கிடங்கு என்கிறார். நம்மில் பலர் இதை மேற்கோள் காட்டிக் காட்டியே தேய்த்துவிட்டோம். ஃபூக்கோவின் கப்பல் எப்போதும் நடுக்கடலிலேயே நிற்கிறது என்பதுதான் என் புகார். அது கட்டப்படும் தளமும் உடைக்கப்படும் கரையும் அவர் கண்ணில் படவில்லை. இவ்விரண்டு இடங்களிலும் கப்பல் மிதப்பதில்லை, மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அங்கேதான் அதைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1990-இல் ஒப்படைக்கப்பட்ட இரு உல்லாசக் கப்பல்களின் பிற்பாதி நம் நாட்டில் கழிந்தது. பிரான்சின் சான் நசேர் தளத்தில் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ஸாகப் பிறந்தது பிறகு ‘எம்ப்ரஸ்’ என்ற பெயரில் 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. முதலமைச்சர் கொடியசைத்தார். சூதாட்டம் குறித்த எதிர்ப்பால் புதுச்சேரி அதை உள்ளே விடவில்லை. இத்தாலியின் மொன்ஃபால்கோனே தளத்தில் ‘கிரவுன் பிரின்சஸ்’ஸாகப் பிறந்தது ‘கர்ணிகா’வாகி 2019-இல் மும்பையிலிருந்து ஓடியது. அடுத்த வருடமே பெருந்தொற்றில் கம்பெனி முடங்க, 2020 இறுதியில் குஜராத்தின் அலங் கரையில் ஏற்றப்பட்டது.

அலங்குக்கு வந்ததிலேயே பேர்பெற்றது ‘பிரான்ஸ்’. 1960-இல் அதே சான் நசேரில் நீரில் இறக்கப்பட்டது, 316 மீட்டர், அன்றைக்கு உலகின் மிக நீளமான பயணிக் கப்பல். பிறகு ‘நார்வே’ ஆயிற்று. 2003-இல் மயாமியில் கொதிகலன் வெடித்து எட்டுப் பணியாளர்கள் இறந்தார்கள். ‘புளூ லேடி’ என்ற பெயரோடு 2006-இல் அலங் வந்தது. உள்ளே அஸ்பெஸ்டாஸ். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2007 செப்டம்பரில் உடைக்க அனுமதி கிடைத்தது.

இங்கேயும் ஒப்படைப்பு உண்டு, பத்திரம் உண்டு. பெருவெள்ள ஏற்றம் வரும் நாள் பார்த்துக் கப்பலை அதன் எந்திர வேகத்திலேயே சேற்றுக் கரையில் ஏற்றி நிறுத்துகிறார்கள். உத்தரப்பிரதேசம், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் கேஸ் கட்டரோடு ஏறுகிறார்கள். இப்போது யாரும் கொள்ளளவைக் கேட்பதில்லை. வெறுங்கப்பலின் இரும்பு எடை எவ்வளவு, டன்னுக்கு என்ன விலை என்பதுதான் பேச்சு. அலங் சாலையோரக் கடைகளில் அறைமெத்தை, சோபா, பீங்கான் தட்டு, உயிர்காப்பு உடுப்பு எல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள். இரும்பு டன் கணக்கில் போகிறது, நாற்காலி உருப்படிக் கணக்கில்.