தேங்காய் எண்ணெய், பாமாயில்: இரண்டிலும் இருப்பது என்ன?

பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம் வட்டாரம் முழுக்கத் தென்னந்தோப்புதான். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகும், இங்கே பலருடைய பிழைப்பு தென்னையை நம்பியே இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் வீட்டுச் சட்டியில் காய்வது, ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்று தென்னை விவசாயிகள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். இதற்கிடையே 'பாமாயில் விஷம்', 'தேங்காய் எண்ணெய் மருந்து' என்ற வாட்ஸ்அப் செய்திகள் வேறு. உண்மை என்ன?

கொழுப்பு அமிலங்கள்

எந்த எண்ணெயிலும் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்களே. அவற்றில் நிறைவுற்றவை, நிறைவுறாதவை என்று இரு வகை உண்டு. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் பாதியளவு லாரிக் அமிலம். பனம்பழம் போன்ற எண்ணெய்ப் பனையின் பழச் சதையிலிருந்து எடுப்பது பாமாயில். அதில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் பாதி; பால்மிட்டிக் அமிலமே அதிகம். பாமாயிலைக் குளிர்வித்து, கெட்டியாகும் பகுதியை நீக்கிய பின் மிஞ்சும் திரவமே ரேஷனில் வரும் பாமோலின்.

உறைந்தால் கலப்படமா?

இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பாட்டிலில் கட்டியாக நிற்பது அதனால்தான். அதே நேரம், உறைந்துவிட்டதாலேயே அது சுத்தமானது என்றும் சொல்ல முடியாது. பாமாயிலும் குளிரில் உறையும். ஆய்வகத்தில் 'அயோடின் மதிப்பு' பார்ப்பார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது 10 அல்லது அதற்கும் கீழே இருக்கும். பாமோலினுக்கு 55க்கு மேல். எனவே பாமோலின் கலந்தால் எண் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொரிக்க எது?

பாமோலின் அதிகச் சூட்டைத் தாங்கும். தேங்காய் எண்ணெய் அதைவிடச் சீக்கிரம் புகையும். தாளிக்க, குழம்பு வைக்க ஏற்றது. எந்த எண்ணெயானாலும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கெடும். அப்படிக் கெடும்போது உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. வடை, பஜ்ஜி வாங்கும்போது சட்டியில் உள்ள எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள்.

இதயத்துக்கு?

ஒரு நாள் உணவில் கிடைக்கும் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சுமார் 12 கிராமும், பாமோலினில் சுமார் 6 கிராமும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலைக் கூட்டுவது உண்மை. கெட்ட கொலஸ்ட்ராலையும் அது கூட்டுகிறது. ஆகவே இது மருந்தும் அல்ல, அது விஷமும் அல்ல. இரண்டையும் அளவோடு பயன்படுத்த வேண்டும்.

விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து எண்ணெய் இறக்குமதியாகும்போது, நம் தோப்புத் தேங்காய்க்கு விலை இல்லாமல் போவது பெரிய வேதனை. அந்த நியாயத்தைப் பேச பொய்யான மருத்துவச் செய்திகள் தேவையில்லை. வீட்டில் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள்.