பூட்டிக் கிடக்கும் பெரிய வீடும் கடலோர விடுமுறையும்



சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் மாலை, கடையில் விளக்கேற்றும் நேரம். ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஓர் அம்மாள் இரண்டு பிள்ளைகளோடு இறங்கி வந்து, பெரிய பட்டியல் ஒன்றை நீட்டினார். மட்டை அரிசி 5 கிலோ, தேங்காய் எண்ணெய் 2 லிட்டர், உளுந்து, கருப்பட்டி, மிளகாய், புளி என்று ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பட்டியல் நீண்டது.

"என்ன மக்களே, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. முட்டம் பக்கம் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்கோம். அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், நாங்க, அம்மா, அப்பா. மொத்தம் 14 பேர். நாங்களே சமைச்சுச் சாப்பிடுதோம்" என்றார்.

பூர்வீகம் நாகர்கோவில். இப்போது இருப்பது லண்டனில். அதற்கு முந்தைய வருடம் இதே 14 பேரும் கிரீஸ் நாட்டில் ஒரு கடலோர ஊரில் வீடு எடுத்துத் தங்கினார்களாம். சரக்குக் கட்டுகிற அரை மணி நேரத்தில் அவர் சொன்ன செய்திகள், இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருக்கிற எனக்கே புதிதாக இருந்தன. அவற்றை நம் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கிரீஸில் எப்படி?

அவர்கள் தங்கியது தோலோ என்ற கடற்கரை ஊர். பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் நாப்லியோ. அந்த ஊரைப் பற்றிக் கேட்டபோது நம் பத்மநாபபுரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நாப்லியோ ஒரு காலத்தில் கிரீஸின் தலைநகர். 1834-ல் தலைநகர் ஏதென்சுக்குப் போய்விட்டது. நம் பத்மநாபபுரமும் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்து, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பெருமையைத் திருவனந்தபுரத்துக்கு விட்டுக்கொடுத்த ஊர். அங்கே வெனிஸ்காரர்கள் கட்டிய பலமிடி கோட்டை. இங்கே அரண்மனையைச் சுற்றிக் கருங்கல் கோட்டை, அருகில் உதயகிரி. அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள், இங்கே தென்னையும் வாழையும்.

ஆனால் வரும் விருந்தாளியை நடத்துவதில் பெரிய வேற்றுமை இருக்கிறது. அங்கே ஊருக்கு வெளியே ஐந்தாறு அறைகள் கொண்ட பெரிய வீடுகளை, சமையலறை, பாத்திரம், படுக்கை விரிப்பு எல்லாவற்றோடும் வாரக் கணக்கில் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இவர்கள் போய் இறங்கிய அன்று மேசையில் ஒரு ரொட்டி, ஒரு புட்டி ஒலிவ எண்ணெய், ஒரு கூடை ஆரஞ்சு வைத்திருந்ததாம். அவற்றோடு ஒரு தாளும் இருந்தது. ரொட்டிக் கடை எது, மீன் எந்த நேரத்தில் வரும், மளிகைக் கடை எங்கே, மருந்துக் கடை எத்தனை மணிக்கு மூடும் என்று வீட்டுக்கார அம்மாள் தம் கையால் எழுதி வைத்திருந்தார்.

"அந்த ஒரு வாரமும் நாங்க வேற எந்தக் கடைக்கும் போகல அண்ணாச்சி" என்றார் அவர்.

இந்தச் சொல்லை நாம் மனத்தில் இருத்த வேண்டும். ஓட்டலில் தங்குகிறவன் காலை டிபன் முதல் இரவுச் சாப்பாடு வரை ஓட்டலிலேயே முடித்துக்கொள்கிறான். நம் கடையில் அவன் வாங்குவது ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பிஸ்கட் பாக்கெட். வீடு எடுத்துத் தங்குகிற குடும்பத்துக்கோ அரிசி முதல் அகர்பத்தி வரை அத்தனையும் வேண்டும்.

நம் ஊரின் நிலை

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறைதான் அதைப் பராமரித்து வருகிறது. திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் பஸ், வேன், கார் என்று கூட்டம் வருகிறது. இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்க்கிறார்கள். ஓர் இளநீர் குடிக்கிறார்கள். பிறகு கன்னியாகுமரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்விடுகிறார்கள். இரவு தங்குகிறவர்கள் மிகக் குறைவு.

தங்குவதற்கு ஏற்ற ஊர்தான் இது. அரை மணி நேரத்தில் முட்டம் கலங்கரை விளக்கம். 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்ற குளச்சலும் அவ்வளவு தூரம்தான். மாத்தூர் தொட்டிப் பாலம், திற்பரப்பு அருவி எல்லாம் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, கன்னியாகுமரியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் கூடியிருக்கிறது.

வீடுகளுக்கும் குறைவில்லை. தேக்கு உத்தரமும் ஓட்டுக் கூரையும் முற்றமுமாக எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! பிள்ளைகள் சென்னை, பெங்களூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை வந்து வெள்ளையடித்துவிட்டுப் போகிறார்கள். பிறகு ஒரு நாள், மரத்தை மட்டும் விலை பேசி வாங்குகிற ஆள் வருகிறார். ஒரு வாரத்தில் வீடு காலி மனையாகிவிடுகிறது.

ஒளிப்பானேன், எங்கள் வீட்டுக்கும் அப்படி ஓர் ஆள் வந்தார். அம்மா காலமான பிறகு நான்கு வருடமாக அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. தம்பிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் மஸ்கட்டில். விற்றுப் பங்கு வைத்துவிடலாம் என்று பேச்சு முடிகிற நேரத்தில்தான் அந்த லண்டன் அம்மாள் கடைக்கு வந்தார்.

செட்டிநாட்டைப் பாருங்கள். காரைக்குடி வட்டாரத்தில் மாளிகை மாளிகையாக இடிந்த வீடுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' என்று சில வீடுகள் விருந்தினர் தங்கும் இடங்களாகிப் பிழைத்துக்கொண்டன. அவை பெரும் முதல் போட்டுச் செய்தவை. நமக்கு அவ்வளவு வேண்டாம். நல்ல கழிப்பறை, தடையில்லாத தண்ணீர், சுத்தமான சமையலறை, கொசுவலை இருந்தால் ஒரு குடும்பம் நிம்மதியாகத் தங்கும்.

ஒரு கணக்கு

வியாபாரிகளுக்குக் கணக்குச் சொன்னால்தான் விளங்கும். உதாரணத்துக்கு 14 பேர் கொண்ட குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

ஓட்டலில் 5 அறைகள், அறைக்கு நாளொன்றுக்கு 2,500 ரூபாய் வீதம் 12,500 ரூபாய். சாப்பாடு ஆளுக்கு 500 வீதம் 7,000. ஆக ஒரு நாளைக்கு 19,500 ரூபாய்.

வீடு எடுத்தால் வாடகை 7,500. மளிகை, காய்கறி, மீன், பால் வகையில் 3,500. சமையலுக்கு ஓர் ஆள் வைத்தால் 1,500. ஆக 12,500 ரூபாய். அவர்களுக்கு நாளொன்றுக்கு 7,000 ரூபாய் மிச்சம். வரி தனி.

நாம் பார்க்க வேண்டியது அந்த 3,500 ரூபாயை. மூன்று நாள் தங்கினால் 10,500. இப்படி வருடத்தில் 30 குடும்பங்கள் வந்தால் ஒரே வீட்டினால் 3,15,000 ரூபாய் வியாபாரம் நம் தெருவுக்குக் கிடைக்கும். மளிகைக் கடை, பால்காரர், மீன்காரி, கேஸ் ஏஜென்சி, சலவைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. போகும்போது மட்டிப் பழம், நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி, மார்த்தாண்டம் தேன், முந்திரிக்கொத்து என்று கட்டிக்கொண்டு போவது இதில் சேராது. மட்டிப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை நம் கடை வாசலில் எத்தனை பேர் எழுதிப் போட்டிருக்கிறோம்?

சட்டமும் வரியும்

ஆசையில் இறங்கிவிட்டு அப்புறம் நோட்டீஸ் வந்ததும் கையைப் பிசையக்கூடாது. சில செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஜி.எஸ்.டி. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது பொது விதி. ஆனால் கடைக்காக ஏற்கெனவே பதிவு பெற்றவர், அதே பான் எண்ணில் தங்கும் வாடகை வாங்கினால் அதற்கும் வரி உண்டு. 'சின்ன வரவுதானே' என்று விடக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதமும், அதற்கு மேல் 18 சதவீதமும் வரி. வீடு முழுவதையும் ஒன்றாகக் கணக்கிடுவதா, அறைவாரியாகவா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. காம்பொசிஷன் முறையில் இருப்பவர்களுக்குச் சேவை வரவில் உச்சவரம்பு உண்டு. அவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் இதில் கால் வைக்கவே கூடாது.

இரண்டாவது, பதிவு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் விருந்தினர் இல்லத் திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை, 12 படுக்கை வரை அனுமதி உண்டு. ஆனால் வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பூட்டிய வீட்டை முழுதாக விடுவது இதில் சேராது. ஆகவே அப்படி விட எண்ணுகிறவர்கள் நகராட்சியிலும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மின் இணைப்பின் வகையை மின்வாரியத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். பாஸ்போர்ட், விசா நகல் இல்லாமல் சாவியைக் கொடுக்கக்கூடாது. உள்நாட்டவரானாலும் அடையாள அட்டை நகலும் வருகைப் பதிவேடும் வேண்டும்.

கிரீஸிலும் கட்டுப்பாடு குறைவில்லை. வரித் துறையில் பதிவு செய்து பெற்ற எண்ணை விளம்பரத்தில் போட்டாக வேண்டும். ஏதென்சில் சுற்றுலாவுக்கே வீடுகள் போய், ஊர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. அதனால் 2025 முதல் நகரின் மையப் பகுதிகள் சிலவற்றில் புதுப் பதிவையே நிறுத்திவிட்டார்கள். நாமும் அளவோடு செய்ய வேண்டும் என்பதற்கு இது பாடம்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை

நம் மேற்குக் கடற்கரை பார்க்க அழகு, இறங்க ஆபத்து. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். காற்றோ மழையோ இல்லாத நாளிலும் தூரத்துக் கடலில் கிளம்பி வந்து அடிக்கும் இந்த அலையைக் கடற்கரை மக்கள் 'கள்ளக்கடல்' என்பார்கள். வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. ஆகவே வீட்டில் வைக்கும் தாளில் கடைகளின் பெயருக்கு முன்னால், எந்த இடத்தில் கடலில் இறங்கக்கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் வீட்டுக்காரரே போன் செய்து சொல்ல வேண்டும்.

வீடு எடுப்பவர்களுக்கு

நம்மிலும் பலர் கடையை மூன்று நாள் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் போக ஆசைப்படுகிறோம். லண்டன் அம்மாள் குடும்பம் முதலில் வேறொரு வீட்டுக்குத்தான் 15,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பியிருந்தது. வந்து பார்த்தால் அப்படி ஒரு வீடே இல்லை. படம் யாருடைய வீட்டுப் படமோ. 14 பேரும் பெட்டியோடு ரோட்டில் நின்று, பிறகு உறவினர் ஒருவர் தயவால் இந்த வீடு கிடைத்திருக்கிறது.

ஆகவே, வீடியோ போனில் வீட்டு வாசலிலிருந்து சமையலறை வரை காட்டச் சொல்லுங்கள். வீட்டு வரி ரசீதில் உள்ள பெயரும் பணம் வாங்கும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் வேண்டாம். எத்தனை பேர், எத்தனை கழிப்பறை, அசைவம் சமைக்கலாமா, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும், பாத்திரம் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கைப் பார்க்காமல் நாம் கொள்முதல் செய்வதுண்டா? வீட்டுக்கும் அதே நியாயம்தான்.

சங்கம் என்ன செய்யலாம்?

பொய் விளம்பரத்தால் ஒரு குடும்பம் ஏமாந்தால் கெட்டுப்போவது ஊர்ப் பெயர். நம்பிக்கையான வீடுகளின் பட்டியல் ஒன்றை நம் சங்கமே நேரில் பார்த்துத் தயாரித்து வைத்திருக்கலாம். வருகிற குடும்பத்துக்கு முதல் நாள் மளிகைக் கூடையைச் சரியான விலையில் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஏற்பாடு செய்யலாம். வெளியூர்க்காரர் என்று ஒரு ரூபாய் கூட்டி விற்காமல் இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம்.

எங்கள் வீட்டு விஷயம் கேட்பீர்கள். தம்பிமார் இருவரோடும் போனில் பேசினேன். மஸ்கட் தம்பி, "நீங்க பாத்துக்கிடுவீங்கன்னா எனக்குச் சம்மதம் அண்ணே" என்றான். சென்னைத் தம்பிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அவனுக்கும் பெண் கல்யாணச் செலவு இருக்கிறது. ஆகவே இரண்டு வருடம் தவணை கேட்டிருக்கிறேன். அதற்குள் வரவு செலவு சரியாக வராவிட்டால் விற்றுவிடுவது என்று பேச்சு. இப்போது கழிப்பறை வேலை நடக்கிறது. நகராட்சியிலும் ஆடிட்டரிடமும் கேட்டு முடித்தாயிற்று.

அடுத்த கோடை விடுமுறைக்குள் திறந்துவிட எண்ணம். அம்மா உட்கார்ந்திருந்த திண்ணைப் பக்கத்து மேசையில் ஒரு சீப்பு மட்டிப் பழமும், கடைகளின் பெயர் எழுதிய தாளும் இருக்கும். அதில் உங்கள் கடையின் பெயரும் இடம்பெற வேண்டுமானால், சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள்.